முட்டளவுத் தண்ணீர்

விடிந்து கண் விழித்தாலும் நான் உடனே எழுந்து நிற்பதில்லை. கட்டிலோரம் ஒரு நாற்காலி இருக்கிறது. அதன் முதுகில், முந்தின நாள் அலசி நிழலில் உலர்த்திய சாக்ஸ் ஒரு ஜோடி. உட்காரும் இடத்தில் பாத்திரம் தேய்க்கப் போடுகிற ரப்பர் கையுறையும் ஒரு பிளாஸ்டிக் கவரும். முதலில் கவரைப் பாதத்தில் செருகிக்கொள்வேன். அப்போதுதான் மெட்டி நூலில் மாட்டாது. பிறகு கையுறையோடு சாக்ஸுக்குள் கையை விட்டு, குதிகால் வரும் இடத்தை உள்ளிருந்தே பிடித்து, அதுவரைக்கும் உள்பக்கம் வெளியே வரப் புரட்டுவேன். பாதம் நுழையும். குதிகால் தனக்கென்று நெய்த குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, விரல் பக்கம் திறந்திருக்கும் வழியே கவரை உருவி எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் வேலையே. வெடுக்கென்று மேலே இழுக்கக் கூடாது. கரண்டையிலிருந்து உள்ளங்கையால் நீவி நீவி ஏற்ற வேண்டும். ஒரு சுருக்கம்கூட நிற்கக் கூடாது. முட்டி மடிப்புக்குக் கீழே இரண்டு விரல் அகலம் விட்டு நிறுத்துவேன். ஒரு காலுக்கு ஐந்து நிமிஷம். இரண்டு காலும் முடிந்த பிறகுதான் தரையில் பாதம் படும்.

கடையில் இதற்குக் கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ் என்று பெயர். எங்கள் தெருவில் வெரிகோஸ் சாக்ஸ். ஒன்பது வருஷமாக என் நாள் இதில்தான் தொடங்குகிறது. எனக்கு வயது 50. அதில் 11 வருஷம் நின்றே கழிந்தது. அந்தப் பதினொரு வருஷத்துக்கும் இந்தச் சாக்ஸுக்கும் உள்ள தொடர்பு எனக்கு விளங்கியது ரொம்பப் பிந்தித்தான். முந்தியே விளங்கியிருந்தால் பட்ட பாட்டில் பாதி பட்டிருக்க வேண்டாம்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், ஏரலுக்குப் பக்கம். தீபாவளிக்குத் துணி எடுக்க அப்பா ஏரல் கடைத்தெருவுக்குத்தான் கூட்டிப்போவார். அந்த ஜவுளிக்கடை இன்னும் கண்ணில் நிற்கிறது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை மேடை. அதன் மேல் மெத்தை, மெத்தைக்கு வெள்ளை விரிப்பு. கடைக்காரரும் இரண்டு ஆட்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வாங்க வந்தவர்கள் எதிரே பாயில் உட்காருவோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் சீட்டித் துணியை எடுத்து மடியில் வைத்து உதறி விரிப்பார். விற்கிறவரும் உட்கார்ந்திருந்தார், வாங்குகிறவரும் உட்கார்ந்திருந்தார். துணி வியாபாரம் என்றால் உட்கார்ந்து செய்கிற தொழில் என்றுதான் பதினெட்டு வயதுவரை நினைத்திருந்தேன்.

1993-இல் திருவள்ளுவர் பஸ் ஏறிச் சென்னைக்கு வந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே தி. நகர் ஜவுளிக்கடைகளில் வேலைக்கு இருந்தார்கள். மாதம் 650 ரூபாய், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. கடையின் பெயர் இங்கே வேண்டாம். அன்றைக்கு எல்லாக் கடையும் ஏறக்குறைய அப்படித்தான். காலை ஒன்பதரைக்கு மாடியில் சேலைப் பிரிவில் நின்றால் ராத்திரி பத்துக்குத்தான் இறங்குவோம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. அதிலும் படி இறங்கி, வரிசையில் நின்று, தட்டு வாங்கி உட்காரும்போது பத்து நிமிஷம் போயிருக்கும். கவுண்டருக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. ஆளில்லாத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது. ரேக்கில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பெயர் எழுதிக்கொள்வார், சம்பளத்தில் பிடிப்பார்கள். புரட்டாசி பிறந்து தீபாவளி முடியும் வரை வாரவிடுப்பும் இல்லை.

முதல் மாதத்திலேயே கால் உளைச்சல் தொடங்கிவிட்டது. வலி என்று சொல்வதைவிட உளைச்சல் என்றால்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். கெண்டைக்குள்ளே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது மாதிரி ஒரு கனம். சாயங்காலம் ஆக ஆகப் பாதம் செருப்புக்குள் அடங்காது. விடுதியில் படுத்தால் நடுச்சாமத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே அறையில் பன்னிரண்டு பேர். ராத்திரி விளக்கணைத்த பிறகு பார்த்தால் பாதிப்பேர் சுவரில் காலைத் தூக்கிச் சாத்திக்கொண்டு படுத்திருப்போம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உடம்பு தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது.

பட்டுப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். நாசரேத் பக்கம். பன்னிரண்டு வருஷம் நின்றவர். ஒருநாள் குளியலறை வாசலில் அவர் பாவாடையைத் தூக்கிச் செருகியபோது பார்த்தேன். முட்டிக்குப் பின்னாலிருந்து கரண்டை வரைக்கும் பச்சைப் புடலங்காய் சுற்றிப் படர்ந்த மாதிரி புடைப்பு. நான் பயந்துபோய், "என்னக்கா இது?" என்றேன். அவர் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "நரம்பு சுருண்டிருக்கு. நின்னா உளையத்தானட்டி செய்யும். இதுக்கெல்லாமா ஆசுபத்திரிக்குப் போவாக?"

நின்னா உளையத்தான் செய்யும். அந்த ஒரு வாக்கியம் எங்கள் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. ஊருக்குக் கடிதம் எழுதினால் அம்மாவும் அதையே எழுதினாள். எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நானும் அதையே சொன்னேன். மழை பெய்தால் நனைவது போல, நின்றால் கால் கெடும் என்று ஏற்றுக்கொண்டோம். அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் இருந்தால் ஒரு தடுப்பும் இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பொங்கல் முடிந்த பிறகு நாலு நாள் விடுப்புக் கிடைக்கும். ஊருக்குப் போனால் முதல் வேலை ஆச்சியோடு ஆற்றுக்குப் போவதுதான். தை மாதத்தில் தாமிரபரணியில் தண்ணீர் தெளிந்து ஓடும். ஆச்சி என் காலைப் பார்த்தாள். கரண்டையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் குழி விழுந்து அப்படியே நின்றது. "ஏட்டி, குளிக்கது கெடக்கட்டும். முட்டளவுத் தண்ணியில போயி கொஞ்ச நேரம் நில்லு" என்றாள். நின்றேன். ஆறு காலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரத்தில் கனம் இறங்கிற்று. அன்று முழுவதும் கால் இருப்பதே தெரியவில்லை. "நடவு நட்டுட்டு வாய்க்கால்ல நிப்போம். வயசுக்காலத்துல எனக்கு இதுதான் மருந்து" என்றாள் ஆச்சி. குளிர்ச்சியால்தான் அந்தச் சுகம் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். சென்னைக்குத் திரும்பி வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்துக் காலை விட்டுப் பார்த்தேன். அந்தச் சுகம் வரவில்லை. காரணம் விளங்க இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2003-இல் கல்யாணம். அடுத்த வருஷம் மகள் வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டேன். அந்த மாதங்களில் இடது காலில் புடைப்பு நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பிரசவத்துக்குப் பிறகு வடிந்துவிடும் என்றார்கள். வீக்கம் வடிந்தது, புடைப்பு போகவில்லை. சைதாப்பேட்டையில் வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கவும் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் தொடங்கினேன். இனி உட்கார்ந்து செய்கிற வேலைதானே, கால் சரியாகிவிடும் என்று நம்பினேன். கொஞ்ச வருஷம் கழித்து உள்கரண்டைக்கு மேலே தோல் கறுக்க ஆரம்பித்தது. அழுக்கு என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பீர்க்கங்கூட்டால் தேய்தேய் என்று தேய்ப்பேன். போகாது. அரிக்கும். சொறிந்தால் தோல் செதில் செதிலாக உதிரும்.

2016-இல் மிஷின் மிதியின் இரும்பு விளிம்பு அந்த இடத்தில் லேசாகச் சிராய்த்தது. மிளகளவு காயம். மஞ்சள் வைத்தேன், வேப்பிலை அரைத்துப் போட்டேன், மருந்துக்கடையில் கேட்டுக் களிம்பு வாங்கிப் பூசினேன். மூன்று மாதத்தில் அது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்தது. நீர் வடிந்துகொண்டே இருந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள்; இல்லை. பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே புண் கட்டும் அறையில் இருந்த சிஸ்டரை நான் மறக்க மாட்டேன். நான் "நரம்பு சுருண்டுக்கிச்சு சிஸ்டர்" என்றதும், "முதல்ல இது நரம்பே இல்லம்மா" என்றார். "நரம்புங்கிறது வலி, உணர்ச்சி கொண்டுபோறது. இது ரத்தக்குழாய். காலுக்கு வந்த ரத்தத்தைத் திருப்பி நெஞ்சுக்குக் கொண்டுபோற குழாய். நம்ம ஆளுங்க ரெண்டையும் நரம்புன்னே சொல்றதால, நரம்பு டாக்டர்கிட்ட சுத்திட்டுக் கடைசியில இங்க வர்றாங்க." ரத்தம் கீழே வருவதற்கு இதயம் தள்ளிவிடுகிறது, மேலே ஏறுவதற்கு என்ன வழி என்று அவர் என்னிடமே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "உங்க ஊர்ல கிணத்து மோட்டார் பார்த்திருக்கீங்களா? குழாய்க்கு அடியில ஃபுட் வால்வு இருக்கும்ல? அது எதுக்கு?"

அது எனக்குத் தெரியும். ஏறிய தண்ணீர் மறுபடி கிணற்றுக்குள் இறங்காமல் பிடித்துக்கொள்ளத்தான் ஃபுட் வால்வு. அதில் கசிவு இருந்தால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் ஏறாது. காலின் ரத்தக்குழாயில் அப்படிப்பட்ட வால்வுகள் வரிசையாக இருக்கின்றன. மோட்டார் எது என்றால், கெண்டைச் சதை. நடக்கும்போது அது இறுகி இறுகி, குழாயைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் மோட்டார் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போது கரண்டையில் இருக்கும் குழாய், இதயத்திலிருந்து அங்கே வரைக்குமான மொத்த ரத்தத்தின் பாரத்தையும் தாங்குகிறது. சாதாரண உயரமுள்ள ஆளுக்கு அது 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். நல்ல வால்வு உள்ளவர் நடக்க ஆரம்பித்தால் அதே இடத்தில் 30-க்கும் கீழே இறங்கிவிடும். வருஷக்கணக்கில் அசையாமல் நின்றால் குழாய் விரியும், விரிந்தால் வால்வின் இரண்டு இதழும் ஒன்றை ஒன்று தொடாது. பிறகு நடந்தாலும் பாதி ரத்தம் திரும்பி இறங்கும். தேங்கிய ரத்தம் தோலுக்குள் கசியும். நான் பீர்க்கங்கூட்டால் தேய்த்தது அழுக்கை அல்ல. கசிந்த ரத்தத்தின் இரும்புச்சத்து படிந்த கறை அது.

எனக்குச் சட்டென்று கடைதான் ஞாபகம் வந்தது. தீபாவளிக் கூட்டத்தில் குடோனுக்கும் கவுண்டருக்குமாக ஓடி ஓடிச் சேலை எடுத்து வந்த நாள்களைவிட, ஆளில்லாத மத்தியானங்களில்தான் கால் அதிகமாக உளைந்தது. சும்மா நின்ற நாளில் ஏன் இவ்வளவு வலி என்று அப்போது புரியவில்லை. சும்மா நின்றதால்தான் வலி.

சிஸ்டர் உடனே சாக்ஸ் எழுதித் தரவில்லை. முதலில் என் புறங்காலில் விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு டாக்டர் என் கையிலும் கரண்டையிலும் பட்டை கட்டி, டாப்ளர் கருவியை வைத்து இரண்டு அழுத்தத்தையும் அளந்தார். காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயில் அடைப்பு இருந்தால் இறுக்கமான சாக்ஸ் பாதத்தைப் பட்டினி போட்டுவிடும், விரல் அழுகிப்போகக்கூடும். சர்க்கரையால் பாத உணர்ச்சி மங்கியவர்களும் இதய பலவீனம் உள்ளவர்களும் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், என் காலைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வாங்கிக்கொள்ளப் புறப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புண் ஆறும் வரைக்கும் சாக்ஸ் இல்லை, கட்டுதான். பஞ்சு, அதன் மேல் கிரேப் துணி, அதன் மேல் இழுவைப் பட்டை என்று பாதத்திலிருந்து முட்டி வரை அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள். வாரம் ஒருமுறை அவிழ்த்து மாற்றுவார்கள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார்கள். தையல் மிஷினுக்கு மோட்டார் போட்டிருந்தேன் என்றதும், "அதைக் கழட்டிடுங்க. காலால மிதிங்க. பாதம் ஏறி இறங்கினாத்தான் கெண்டை வேலை செய்யும்" என்றார் சிஸ்டர். அன்றைக்கே கழற்றினேன். பதினோராவது வாரம் புண் மூடியது. மாதக்கணக்கில் எந்தக் களிம்புக்கும் ஆறாதது அழுத்தத்துக்கு ஆறியது.

அதன் பிறகு சாக்ஸ். காலை ஏழரைக்கே வரச் சொன்னார். நேரம் ஆனால் கால் வீங்கி அளவு தப்பாகிவிடும். இஞ்சு டேப்பை எடுத்துக் கரண்டையின் ஒடுங்கிய இடம், கெண்டையின் பருத்த இடம், குதிகாலிலிருந்து முட்டி மடிப்பு வரை நீளம் என்று மூன்று அளவு எடுத்தார். பன்னிரண்டு வருஷமாக ஊராருக்கு அளவெடுத்தவள் நான். ஒரு சுற்றளவு அரை அங்குலம் தப்பினால் ஜாக்கெட் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காலுக்கும் அப்படி அளவு பார்த்துத்தான் போட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சீட்டில் இரண்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தது. கரண்டையில் 23 முதல் 32 மில்லிமீட்டர் அழுத்தம். மேலே போகப் போகக் குறையும். ஒரு ஜோடி இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று.

முதல் வாரம் நான் தோற்றுப்போனேன். சித்திரை வெயில். கால் முழுக்கப் புழுக்கம், அரிப்பு. முட்டிக்குக் கீழே இறுக்குகிறதே என்று மேல் விளிம்பை இரண்டு சுற்று மடித்துவிட்டேன். சாயங்காலம் கழற்றினால் அந்த இடத்தில் கயிறு கட்டியது போலப் பள்ளம், அதற்குக் கீழே வீக்கம். இது எனக்கு ஒத்துவரவில்லை என்று சாக்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் புண் மறுபடி வாய் திறந்தது. சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "மடிச்சுவிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். மடித்தால் ஒரு மடங்கு அழுத்தம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகி, மேலே ஏற வேண்டிய ரத்தத்தை அங்கேயே நிறுத்திவிடும் என்றார். பிறகு கையுறை, பிளாஸ்டிக் கவர், புரட்டும் விதம் எல்லாம் தானே உட்கார்ந்து செய்து காட்டினார். மூன்று முறை என்னைச் செய்யவைத்துப் பார்த்தார். இரண்டாவது தடவை புண் ஆறியதும் போட ஆரம்பித்தவள்தான், இன்றுவரை ஒருநாள் விட்டதில்லை. டாக்டர் சொல்லிக் கசிகிற குழாயை லேசர் வைத்தும் அடைத்தார்கள். அதன் பிறகும் சாக்ஸை நான் விடவில்லை.

மகள் இப்போது பிசியோதெரபி படிக்கிறாள். ஒருநாள் இரவு, நான் சாக்ஸைக் கழற்றித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, ஆச்சியையும் ஆற்றையும் பற்றிப் பேச்சு வந்தது. "குளிர்ந்த தண்ணிதான் அப்போ மருந்து" என்றேன். "குளிர்ச்சி இல்லம்மா, ஆழம்" என்றாள். அப்போதுதான் கான்ராட் ஜாப்ஸ்ட் என்பவரைப் பற்றிச் சொன்னாள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் வாழ்ந்த பொறியாளர். அவருக்கும் காலில் இதே நோய். ஆறாத புண்ணும் உண்டு. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் இதமாக இருப்பதைக் கவனித்தார். பொறியாளர் அல்லவா, ஏன் என்று கேட்டார். தண்ணீருக்குள் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். பாதத்தில் அதிகம், மேலே வர வரக் குறைவு. காலுக்குள்ளே தேங்கி நிற்கும் ரத்தத்தின் பாரமும் அதே கணக்குத்தான். கீழே அதிகம், மேலே குறைவு. உள்ளேயிருந்து தள்ளுகிற பாரத்தை வெளியேயிருந்து தண்ணீர் அதே அளவில் தாங்கிக்கொள்கிறது. அந்தக் கணக்கை அப்படியே நெசவில் கொண்டுவந்தார். கரண்டையில் அதிக இறுக்கமும் மேலே படிப்படியாகக் குறைவும் உள்ள சாக்ஸ் பிறந்தது அப்படித்தான். 1950 வாக்கில் அது விற்பனைக்கும் வந்தது.

ஓரடி ஆழத் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் பாதரசம். ஒன்றரை அடிக்கு 33. என் சீட்டில் எழுதியிருந்த 23-க்கும் 32-க்கும் அதுதான் பொருள். என் இஞ்சு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து என் முட்டி வரைக்கும் மகள் அளந்து பார்த்தாள். ஒன்றரை அடி. ஆச்சி நிற்கச் சொன்னது முட்டளவுத் தண்ணீரில். அந்த ஆற்றைத்தான் இத்தனை வருஷமாகக் காலில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். வாளித் தண்ணீரில் சுகம் வராததற்கும் காரணம் அதுவே. வாளி கரண்டையளவுதான் நிறையும். அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆச்சி இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன்.

இந்தச் சாக்ஸோடு வாழ்வதற்கு ஒழுங்கு வேண்டும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட வேண்டும். இரவில் கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும். வெயிலில் காய்ந்தால் இழுவை செத்துப்போகும். ஆறு மாதத்தில் பார்ப்பதற்குப் புதுசாகவே இருந்தாலும் அழுத்தம் போயிருக்கும், மாற்றிவிட வேண்டும். எண்ணெய் தடவுவதானால் இரவில்தான். கொலுசை நான் கழற்றிவைத்துவிட்டேன். கொக்கி மாட்டி ஒரு ஜோடி கிழிந்த பிறகு வந்த புத்தி அது. கத்திரி வெயிலில் புழுக்கம் இருக்கத்தான் செய்கிறது. மத்தியானம் சாக்ஸின் மேலேயே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு மின்விசிறிக்கு நேரே உட்காருவேன். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அடுப்படியில் நிற்கிறேன். மகளோடு மாம்பலம் மார்க்கெட்டுக்கு நடந்து போய்வருகிறேன். நடுச்சாமத்தில் கெண்டை இழுத்து எழுந்து உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இந்தச் சுகத்தின் அருமை அதை இழந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2021 செப்டம்பரில், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டமன்றத்தில் மசோதா வந்தபோது, மிஷினை நிறுத்திவிட்டு டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்க்கிற நேரத்தில் உட்கார்ந்துகொள்ள, எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். கேரளத்தில் 2018-இலேயே இந்த உரிமை வந்துவிட்டது. அதற்காகப் பல வருஷம் போராடியவர்களில் முன்னே நின்றவர் கோழிக்கோட்டு விஜி. 'பெண்கூட்டு' அமைப்பைத் தொடங்கியவர். அவரும் தையல் வேலை செய்தவர் என்று படித்தபோது, ஏதோ என் வீட்டு ஆள் சாதித்த மாதிரி நெஞ்சு நிறைந்தது. ஏரல் கடையில் வெள்ளை விரிப்பின் மேல் யாரும் கேட்காமலே இருந்த ஒன்றை, சட்டம் போட்டுத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. இருந்தாலும் வாங்கிவிட்டார்கள்.

அதற்கடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன ஒரு கடையில் கவுண்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூல் இருந்தது. ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். "உக்காரும்மா, உக்காந்தே எடுத்துக் காட்டு" என்றேன். அவள் மேற்பார்வையாளர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தாள். உட்காரவில்லை. இருக்கை வந்துவிட்டது, அதில் அச்சமில்லாமல் உட்காருவதற்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும்.

எங்கள் மாடியில் சாத்தான்குளம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. நகைக்கடையில் வேலை. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். போன மாதம் ராத்திரி பத்தரைக்குப் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை. நின்னா உளையத்தானே செய்யும்" என்றாள்.

முப்பது வருஷம் கழித்து அதே வாக்கியம். அவளை அப்படியே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். சேலையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். புடைப்பு இல்லை, கரண்டையைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி நீலக் கோடுகள் மட்டும். கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. "உளையக் கூடாதும்மா. உளைஞ்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கு" என்றேன். மறுநாள் விடுப்பு எடுக்கவைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நாடி பார்த்தார்கள், டாப்ளர் பார்த்தார்கள், அடைப்பு ஏதும் இல்லை. முதல் வகுப்பு சாக்ஸ் போதும், கவுண்டரில் நிற்கும்போது மணிக்கு ஒருதரமாவது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், வாய்த்தபோதெல்லாம் உட்கார வேண்டும் என்றார்கள். அளவை வீட்டில் விடியற்காலையில் எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி என்றார் சிஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு மாடிக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்துவிட்டார். "எந்திரிக்காத, அப்படியே படு" என்று சொல்லிக் கட்டிலோரம் உட்கார்ந்தேன். இரவு முழுக்க நீட்டிக் கிடந்த கால், வீக்கமில்லாமல் குழந்தையின் கால் மாதிரி இருந்தது. கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்துக் கரண்டையின் ஒடுங்கிய இடத்தில் சுற்றினேன், இறுக்கவுமில்லை, தளர்த்தவுமில்லை. 21 சென்டிமீட்டர். கெண்டை 34. குதிகாலிலிருந்து முட்டி மடிப்பு வரை 39. ஜாக்கெட் அளவு எழுதுகிற என் நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, அவள் பெயரை எழுதி, மூன்று எண்ணையும் குறித்துக்கொண்டேன்.